தண்ணீர்மலைத் தேருக்கு முன்னே

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கில் வெள்ளித் தேர் புறப்படும். நகரத்தார் 1894-ல் காரைக்குடியில் செய்வித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேர் அது. பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலையிலுள்ள நகரத்தார் கோயிலை அடைய இரவாகிவிடும். தொலைவு அதிகமில்லை, வழிநெடுக அர்ச்சனைத் தட்டுடன் மக்கள் காத்திருப்பதால் முருகன் நின்று நின்றே வருகிறான்.

அங்கே என் பெரியப்பா மகள் குடும்பத்தார் ஆண்டுதோறும் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றனர். ஓய்வுக்குப் பின் தொண்டு செய்யச் சென்ற எனக்கு மோர் வழங்கும் பணி கிட்டும் என்று எண்ணினேன். அக்கா துடைப்பத்தையும் கூடையையும் தந்தார்.

காரணம் பிறகே விளங்கியது. தேர் வரும் பாதையில் குன்று குன்றாகத் தேங்காய்கள். தேர் நெருங்கியதும் அவை சிதறு தேங்காயாக உடைபடுகின்றன. உடைப்போரில் சீனர்கள் ஏராளம். சாலையெங்கும் இளநீர் ஓடுகிறது. பின்னால் வருவோர் வெறுங்காலினர். ஓட்டுச் சில்லுகளை உடனுக்குடன் வாரியாக வேண்டும். திருவொற்றியூர் மாசித் தேரை மணலியிலிருந்து நடந்துபோய்ச் சேவித்து வளர்ந்தவன் நான். எனினும் இத்தனை தேங்காய்களை ஒருசேரக் கண்டதில்லை.

பெரியப்பா 1950-ல் சென்னைத் துறைமுகத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறியவர். மாதந்தோறும் பணம் வந்தது, அவர் வரவில்லை. மகன் திரும்பினால் திருத்தணி முருகனுக்கு 108 தேங்காய் உடைப்பதாகப் பாட்டி நேர்ந்துகொண்டார். உடைக்காமலே கண்மூடினார். “வேண்டுதல் பலிக்கவில்லை, கடனும் இல்லை” என்பார் அப்பா. கணக்கு என்னவோ சரிதான். ஆயினும் அது என் மனத்தில் தீராமலே கிடந்தது.

எங்கள் பந்தலருகே ஒரு சீன மூதாட்டி நூற்றுக்கும் மேற்பட்ட காய்களை அடுக்கி, ஊதுவத்தி ஏற்றிக் காத்திருந்தார். அக்கா மலாயில் விசாரித்துச் சொன்னார்: “மகன் ஆஸ்திரேலியாவிலே இருக்கானாம். திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் உடைப்பாராம். அவன் நல்லா இருக்கணும், அவ்வளவுதானாம்.”

பெரியப்பாவும் நன்றாகத்தான் வாழ்ந்தார். அவர் பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர் அன்று பந்தலில் மோர் வழங்கிக்கொண்டிருந்தனர். பாட்டி அதைக் காணவில்லை.

தேரின் மேளம் கேட்டது. என் முகத்தில் எதைக் கண்டாரோ, அம்மூதாட்டி ஒரு காயை எடுத்து என் கையில் வைத்தார். பாட்டியின் பெயரைச் சொல்லி, “அரோகரா” என்று ஓங்கி உடைத்தேன். பிறகு குனிந்து அந்தச் சில்லுகளையும் வாரிக் கூடையில் இட்டேன். தேர் அடுத்த பந்தலுக்கு நகர்ந்திருந்தது.