மீண்டும் கேமராவைக் கையில் எடுப்போருக்கு



நெடுநாள் இடைவெளிக்குப் பின், நிக்கான் டி3500 போன்ற எளிய கேமராவுடன் ஒளிப்படக்கலைக்குத் திரும்புகிறீர்களா? துணைக்கருவிகளின் பட்டியல் நீளமானது, பணமோ அளவானது. ஒவ்வொன்றும் உங்களது எந்தத் தடையை நீக்கும் என்று முதலில் கேளுங்கள்.

கனடியக் குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். கூடுதலாக ஒன்றை வாங்கி, மேலங்கியின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருங்கள். வீட்டின் மங்கிய வெளிச்சத்துக்கு 35 மி.மீ. எஃப் 1.8 வில்லை போதும், எஃப் 5.6 துளையைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை அது உள்வாங்கும். இக்கேமராவினுள் குவிய மோட்டார் இல்லாததால், மோட்டாரற்ற பழைய வில்லைகள் தாமாகக் குவியமாட்டா. ‘ஏ.எஃப்.-எஸ்’ குறியைப் பார்த்தே வாங்குங்கள்.

முக்காலி, ஃபில்டர், தோற்பை யாவும் காத்திருக்கலாம். சன்னலோரம் அமர்ந்திருக்கும் முதிய தாயின் முகம் காத்திராது. அவரை இன்றே படமெடுங்கள்.