தப்புச் செட்டு: ஊவாத் தோட்டங்களின் வாத்தியக் குழு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா, காமன் கூத்து, சாவு வீடு என்று எதற்கும் முதலில் அழைக்கப்படுவது தப்புக் குழு. தோட்டத்து மக்கள் இதைத் தப்புச் செட்டு என்பார்கள். கொழும்பில் 1958இல் தொடங்கிய சிம்பொனி இசைக்குழுவுக்கு மண்டபமும் அச்சிட்ட இசைத்தாளும் புரவலர்களும் வாய்த்தன. பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளைப் பக்கத்துச் செட்டுகளுக்கு அவை எதுவும் வாய்க்கவில்லை. தலைமை, ஒத்திகை, பருவம், தலைமுறையாக வரும் பாடம் ஆகியவை மட்டும் இங்கும் உண்டு. பாடம் தாளில் இல்லை. மூத்தவர் வாயால் சொல்லும் சொற்கட்டிலும் கை அடியிலும் இருக்கிறது.

தப்பு ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டக் கருவி. தமிழ்நாட்டுப் பறையோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் பிணைத்துச் சட்டம் செய்வார்கள். மயிர் நீக்கிய கன்றுத் தோலைச் சட்டத்தின் மேல் இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். வார் கட்டித் தோளில் மாட்டினால் கருவி மார்புக்கும் இடுப்புக்கும் இடையே நிற்கும். வலக்கையில் குட்டையான தடித்த குச்சி, இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு. தடித்த குச்சி தாளத்தின் எலும்பைப் போடுகிறது. சிம்பு இடைவெளிகளை நிரப்புகிறது. அடிப்பவரின் தேர்ச்சி தெரிவது சிம்பில்தான். வலக்கையை ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம், இடக்கை படிய வருடங்கள் ஆகும் என்று பழைய ஆட்கள் சொல்வது மிகையாகத் தோன்றவில்லை.

சுருதி சேர்ப்பது நெருப்பு. நமுனுகுலைச் சரிவிலும் அப்புத்தளை முகட்டிலும் மாலையிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். ஈரம் குடித்த தோல் தொய்ந்து, ஓசை மழுங்கிப் போகும். அதனால் ஆட்டக்களத்தின் ஓரத்தில் காகிதமோ காய்ந்த மிலாறோ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் தேயிலைக் கிளைதான் மிலாறு; தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் அடுப்புக்கும் அதுவே விறகு. தோலைத் தீயின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ஓசை ஏறியதும் எடுத்துவிடுவார்கள். ஒரு நொடி பிந்தினால் தோல் வெடிக்கும். தப்புக் காய்ச்சும் இந்த வேலை செட்டிலேயே இளையவனுக்கு விடப்படுகிறது. அவனுடைய காது பழகுவது அங்கேதான். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஒரு தப்பு தீயருகே இருக்கும்போது மற்றவை ஆட்டத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகையால் குழு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இரண்டு மூன்று தப்புகள் கட்டாயம்.

தப்போடு உறுமி, உடுக்கு, மத்தளம், கைத்தாளம் சேர்வது உண்டு. பாட்டு மிகுந்த கூத்தாக இருந்தால் ஆர்மோனியப் பெட்டியும் வரும். நாதஸ்வரமும் தவிலும் வேறு கணக்கு. அவற்றைத் திருவிழாவுக்கு வெளியிலிருந்து பணம் கொடுத்து அழைப்பார்கள். அவர்கள் கோயில் முன்றிலில் வாசிக்க, தோட்டத்துத் தப்பு கோயிலுக்கு வெளியே நிற்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

தப்பு தோட்ட நிர்வாகத்தின் கருவியாகவும் இருந்தது. கடிகாரம் இல்லாத லயங்களை விடியுமுன் எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வரவழைக்கத் தப்பு அடிப்பார்கள். பெரட்டுத் தப்பு என்று அதற்குப் பெயர். மேற்பார்வையாளரான கங்காணி ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புமுன் கேட்கும் ஓசை அது. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதையிலும் தோட்டத்து விடியல் தப்போசையோடுதான் வருகிறது. பிறகு சங்கும் சைரனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேலைக்கு விரட்டியதும் சாமியை அழைத்ததும் பிணத்துக்கு வழிகாட்டியதும் ஒரே கருவி. வேறுபாடு அடியில் இருந்தது. சாமி அடி, கல்யாண அடி, சாவு அடி என்று பிரித்துக் கேட்கத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் மலையில் ஒரு தப்புக் கேட்டால், அங்கே திருவிழாவா கேதமா என்பதைக் கொழுந்து பறித்தபடியே சொல்லிவிடுவார்கள்.

இந்தக் குழுக்கள் வேரூன்றிய காலத்தைத் தேயிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பலர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அடுத்த இருபதாண்டில் மலைகளை மூடியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பம் லயத்தில் தங்கியது. தங்கிய இடத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. கோயிலுக்குத் திருவிழாவும் திருவிழாவுக்குச் செட்டும் தேவைப்பட்டன. ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் குறித்த ஆட்கள் கூடினால்தான் ஒரு கூத்து நிலைக்கும். வந்து போகும் கோப்பிக் காலத்தைவிடத் தேயிலைக் காலமே அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். ஊவாவிலும் இதுவே நடந்தது. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். ரயில் பதுளையை எட்டியது 1924இல். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் அடிகளை ஒரே லயத்தில் கலந்தார்கள்.

செட்டின் முழு வலிமையையும் கேட்க வேண்டுமானால் மாசி மாதம் போக வேண்டும். காமன் கூத்து மாசி அமாவாசையை ஒட்டித் தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டி நிறைவடைகிறது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததும் ரதி அழுது அவனை மீட்பதுமே கதை. காமன் பொட்டல் என்னும் திடலில் கம்பம் ஊன்றியதும் இரவு ஒத்திகை தொடங்குகிறது. பகலில் கொழுந்து மலையிலும் ஆலையிலும் நின்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கூடுகிறார்கள். விரதம் இருப்பவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் அல்ல. அடிப்பவர்களுக்கும் அது உண்டு.

கூத்தை நடத்துபவர் மாஸ்டர். பாட்டு முழுவதும் அவர் மனத்தில், அல்லது எண்ணெய்க் கறை படிந்த பழைய கொப்பியில். மேலைநாட்டு வாத்தியக் குழுவில் நடத்துனர் குழுவைப் பார்த்து நிற்பார். இங்கே மாஸ்டர் ஆட்டக்காரரைப் பார்த்து நிற்கிறார்; தப்புக்காரரோ மாஸ்டரைப் பார்ப்பதே இல்லை, ஆட்டக்காரரின் காலைப் பார்க்கிறார். கால் தரையில் விழும் கணமும் குச்சி தோலில் விழும் கணமும் ஒன்றாக வேண்டும். ரதி வரும்போது அடி தளர்ந்து ஒடுங்குகிறது. ரதி வேடமும் ஆணுக்கே என்பதால், அந்த நிதானத்தில்தான் நடை பெண்மை கொள்கிறது. ஓலை கொண்டுவரும் தூதனுக்குத் துள்ளலான அடி. வீரபத்திரனுக்கும் எமனுக்கும் வரும் அடியோ கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும்; மருள் வந்து ஆடுவோரைப் பிடித்து நிறுத்த ஆட்கள் தயாராக நிற்பார்கள். மருள் ஏற்றுவது அடியென்றால் இறக்குவதும் அடிதான். எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதை அனுபவம் உள்ள தப்புக்காரரிடமே விடுகிறார்கள். தகன இரவில் மன்மதனை எரிக்கும் நேரம் சாமி அடி சாவு அடியாக மாறுகிறது. அதுவரை வேடிக்கை பார்த்த பெண்கள் ரதியோடு சேர்ந்து அழுவது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளிலும் இதே செட்டுதான் வாசிக்கிறது. முன்னதில் உயரமான தபசு மரத்தில் அருச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறான். மேலே இருப்பவரின் மூச்சுக்கு ஏற்பக் கீழே அடி நீளவும் குறுகவும் வேண்டும். பின்னது கொங்கு நாட்டுக் கதை. படுகளக் காட்சிதான் அதன் உச்சம். ஆடியில் கதிர்காமத்துக்குப் போகும் காவடிகளுக்கும் தப்பு போகிறது. கதிர்காமமும் ஊவா மாகாணத்தில்தான், மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தக் கலையைப் பேசும்போது பலர் விழுங்கிவிடுவது சாதி. தப்பு அடிப்பது பறையர் குடும்பங்களின் கடமையாகச் சுமத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை ஊர்ச் சாதியை லயத்துக்கும் கொண்டுவந்தது. விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவு வீட்டில் அடித்தாக வேண்டும். கூலியில் ஒரு பங்கு சாராயமாகவே வந்தது. கோயிலுக்காக இரவெல்லாம் அடித்தவர் அந்தக் கோயிலுக்கு வெளியே நின்றார். படித்த பிள்ளைகள் அடிக்க மறுத்ததையும், தகப்பன் தப்பை மறைத்து வைத்ததையும் கலை அழிகிறதே என்ற புலம்பலோடு மட்டும் பார்ப்பது நியாயமாகாது. மலையின் மறுபக்கச் சிங்களக் கிராமங்களில் தவுல், தம்மெட்ட என்னும் முரசுகளை அடிப்பதும் பெரவா சாதியினரின் பரம்பரைக் கடமையாகவே இருந்தது. பெரஹெரா என்னும் விகாரை ஊர்வலத்துக்கு அவர்கள் இல்லாமல் ஆகாது. மதிப்பு மட்டும் குறைவு. இரு சமூகமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபோல நடந்துகொண்டன.

குழுக்களை உடைத்த இன்னொன்று நாடு கடத்தல். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. கப்பல் ஏறியது குடும்பங்கள். செட்டு எங்கே பிரியும் என்று எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. மாஸ்டர் ஒரு பக்கம், உறுமிக்காரர் மறுபக்கம் என்று ஆனபின் சில தோட்டங்களில் கம்பம் ஊன்றுவதே நின்றது. போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து எடுத்தார்கள்.

இன்றைய சிக்கல் ஆட்கள்தான். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாதபோது இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். திருவிழாவுக்கு லீவு எடுத்து வருபவர்களால் ஆட முடியும். பதினைந்து இரவு ஒத்திகைக்கு நிற்க முடியாது. ஆகவே ஒத்திகை சில இரவுகளாகச் சுருங்கியிருக்கிறது, அடியும் எளிமையாகியிருக்கிறது. தனிச் செட்டு இல்லாத தோட்டங்கள் பக்கத்துத் தோட்டத்தை அழைக்கின்றன. தகன நாள் எல்லா இடத்திலும் நெருங்கி வருவதால் தேதியைத் தள்ளிவைத்துக் கூத்து நடத்துவதும் உண்டு. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஒட்டிய கருவிகள் வந்துவிட்டன. மூட்டத்தில் தொய்வதில்லை, காய்ச்சவும் வேண்டாம், ஆனால் ஓசை தட்டையானது, சாவு அடியில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பக்கம், பாடசாலைகள் தப்பை எடுத்துக்கொண்டன. தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு நாட்டுக்கூத்துப் பழகும் மலையகப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளும் குச்சி பிடிக்கிறார்கள். மலையக மக்களின் 200ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்ட 2023இல் ஊர்வலங்களிலும் மேடைகளிலும் தப்பு முன்னே வந்தது. அங்கே அடித்தவர்களில் பல சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் அடிப்பதோ இன்னும் பெரும்பாலும் பழைய குடும்பங்களின் வேலையாகவே இருக்கிறது.