செனான் லைட்டும் திருச்சுழி ரோடும்

எங்க மச்சான் சென்னையில இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி வாங்கிட்டு வந்தார். ஜப்பான்லயே முழுசா செஞ்சு கப்பல்ல வந்து இறங்கின வண்டி. கம்பெனியே செனான் ஹெட்லைட் வச்சுக் கொடுத்தது. மச்சானுக்கு அருப்புக்கோட்டையில யாவாரம். திருச்சுழி, நரிக்குடின்னு ராத்திரியில சுத்துற ஆளு. வாங்கி மூணாம் மாசம் ஒரு பக்க லைட் லேசா ஊதா அடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் எரியுறதும் அணையுறதுமா ஒரே கண்ணாமூச்சி.

ஒரு கடையில காட்டியிருக்கார். "அண்ணாச்சி, இதைக் கழட்டிப் போட்டுட்டு எட்டாயிரம் கெல்வின் போட்டுருவோம், பகல் மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டாங்க. "மாப்ள, போட்டுரவா?"ன்னு எனக்கு போன். வேணவே வேணாம்னேன். ஏன்னு கேட்டவருக்குச் சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன்.

சாதா ஹாலஜன் பல்புல ஒரு கம்பி சூடாகி வெளிச்சம் வருது. செனான்ல கம்பியே கிடையாது. குட்டியூண்டு கண்ணாடிக் குமிழுக்குள்ள செனான் வாயு, கொஞ்சம் உலோக உப்பு, ரெண்டு முனை. நடுவுல மின்னல் மாதிரி ஒரு பொறி நின்னு எரியும். அதைக் கிளப்பிவிட இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல வேணும். எரிய ஆரம்பிச்சுட்டா 85 வோல்ட் போதும். இந்த வேலையைப் பாக்குறதுதான் பேலஸ்ட்ங்கிற டப்பா. டிம்ல எரியும்போது எச்4 ஹாலஜன் பல்பு 55 வாட் தின்னுட்டு ஆயிரம் லூமன் சொச்சம் கொடுக்கும். டி2எஸ் செனான் 35 வாட்டுல 3200 லூமன். 1991-ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல முதல்ல வந்தப்ப உலகமே வாயப் பொளந்தது சும்மா இல்லை.

ஆனா மூணு மடங்கு வெளிச்சத்தை அப்படியே ரோட்டுல கொட்டிர முடியாது. அதனால கம்பெனிக்காரன் பல்பு முன்னாடி லென்ஸ் வச்சு, மேல போற வெளிச்சத்தைக் கத்தியால வெட்டின மாதிரி வெட்டிருவான். ஐரோப்பிய விதிப்படி 2000 லூமனுக்கு மேல போற டிம் லைட்டுக்கு, பாரம் ஏறினா தானே தலையைக் குனிஞ்சுக்கிற ஏற்பாடும், கண்ணாடி கழுவுற ஏற்பாடும் கட்டாயம். கண்ணாடியில தூசி படிஞ்சா வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி எதிராளி கண்ணுக்குத்தான் போகும். கரிசல் தூசியில ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, அந்த விதியோட அருமை தெரியும்.

இப்ப சாதா வண்டிக்கு வாங்கி மாட்டுற கிட்டுக்கு வருவோம். எச்4 பல்புக்குள்ள டிம் கம்பிக்கு அடியில ஒரு குட்டித் தகடு இருக்கும். அந்தக் கம்பி எந்த எடத்துல, எந்த வடிவத்துல இருக்கோ, அதை வச்சுத்தான் ஹெட்லைட் கிண்ணத்தையே வடிச்சிருக்காங்க. அதுல செனானைச் சொருகினா பொறியோட வடிவமும் வேற, எடமும் வேற. வெளிச்சம் மேல, பக்கத்துலன்னு எங்கெங்கயோ போகும். ஓட்டுறவருக்குப் பிரமாதமா தெரியும். எதிர்ல வர்றவருக்கு?

இதை நான் நேர்ல பாத்திருக்கேன். திருச்சுழிக்குப் போற வழியில, ராத்திரி எட்டு மணி இருக்கும். எனக்கு முன்னால ஒரு பெரியவர் சைக்கிள்ல போறார். எதிர்ல நீல வெளிச்சத்தோட ஒரு கார். அது எங்களைத் தாண்டிப் போன அடுத்த நிமிஷம் பெரியவரைக் காணோம். ரோட்டை விட்டு இறங்கி சீமைக்கருவேல முள்ளுக்குள்ள கிடக்கார். கையெல்லாம் கிழிச்சு ரத்தம். தூக்கி உக்கார வச்சா, "வெளிச்சம் வந்துச்சுப்பா, ரோட்டத்தான் காணோம்"னார். வயசானா கூசின கண்ணு தெளிய நேரமாகும். அந்த நேரத்துல சைக்கிள் நிக்காதே.

நம்ம பக்கத்து ரோடு எப்படின்னு தெரியும். மரமும் கிடையாது, மேடும் கிடையாது. ரெண்டு கிலோமீட்டருக்கு அப்பாலயே எதிர் லைட் அடிக்கும். நடுவுல கிடைக்கு ஓட்டிட்டுப் போற ஆடு நிக்கும். சோளம், மல்லி காயப்போட்டு ஓரத்துல அண்டக் கொடுத்த கல்லு ராத்திரியும் அங்கயே கிடக்கும். மதுரை - தூத்துக்குடி நாலு வழிச்சாலையிலயாவது நடுவுல தடுப்பு இருக்கு. உள்ரோட்டுல எல்லாம் நேருக்கு நேர்தான்.

சட்டமும் இதைச் சொல்லுது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது. வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்ற வண்டிக்கு, ஹெட்லைட் இடதுபக்கம் போற ஊருக்கு ஏத்ததா இருக்கணும்னு இறக்குமதி விதியிலயே இருக்கு. ஐரோப்பாக் கணக்குல செஞ்ச லைட்டா இருந்தா, முன்னாடி நின்னு கண்ணாடியில இருக்கிற குறியைப் பாருங்க. அம்பு உங்க வலது கைப் பக்கம் காட்டுனா நம்ம ஊருக்கு ஆகும். ரெண்டு பக்கமும் காட்டுனா ரெண்டுக்கும் மாத்திக்கலாம். அம்பே இல்லைன்னா அது வலதுபக்கம் ஓட்டுற ஊர் லைட்டு, எதிராளி மூஞ்சியில அடிக்கும்.

சரி, மச்சான் வண்டி என்னாச்சு? லைட்டை அணைச்சு, சூடு ஆறினப்புறம் ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போட்டோம். கோளாறு பல்போடயே அந்தப் பக்கம் போயிருச்சு. அப்ப பேலஸ்ட் நல்லாருக்கு, பல்புக்குத்தான் ஆயுசு முடிஞ்சுது. ஊதா அடிக்கிறதே அதோட அறிகுறிதான். அதே டி2எஸ், 4300 கெல்வின், ஜோடியா வாங்கிப் போட்டோம். ஒண்ணை மட்டும் மாத்தினா ரெண்டு கண்ணும் ரெண்டு நிறத்துல இருக்கும். டி4எஸ்னு கொடுத்தா வாங்கிராதீங்க, அதுக்கு 42 வோல்ட், வேற பேலஸ்ட். எட்டாயிரம் கெல்வின்ங்கிறது நீல நிறம்தான், அதுல வெளிச்சம் குறைச்சலாத்தான் கிடைக்கும். கண்ணாடியை விரலால தொடாதீங்க. லைட் எரியும்போது அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க, வோல்ட் ஞாபகம் இருக்கட்டும். பின்னாடி ரப்பர் மூடியைச் சரியா மூடுங்க, இல்லைன்னா தூசி உள்ள குடிபோயிரும்.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சோம். பின் சக்கரத்துப் பக்கம் இருக்கிற லெவல் சென்சாரோட குட்டிக் கம்பி ஒடிஞ்சு தொங்கிட்டிருந்தது. டிக்கியில நாலு மூட்டை உளுந்து ஏத்தினா வண்டி மூக்கைத் தூக்கும், லைட்டும் தூக்கும். முந்தின ஓனரும் கவனிக்கலை, கடைக்காரரும் கவனிக்கலை. அதை மாத்தி, குடோன் சுவத்துக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தோட மேல் கோடு லைட் உயரத்தை விடப் பத்து சென்டிமீட்டர் கீழ விழுற மாதிரி வச்சோம்.

சாதா வண்டி வச்சிருக்கவங்களுக்கு: எச்4 60/55 பல்பே போதும். ரிலே வச்சு தனி ஒயர் இழுத்து, பேட்டரி வோல்ட் முழுசா பல்புக்குப் போறா மாதிரி செய்யுங்க. மங்குன கண்ணாடியைப் பாலிஷ் போடுங்க. நிறைய வித்தியாசம் தெரியும். இப்ப செனான் போய் எல்இடி கிட்டு வந்திருக்கு. ஹாலஜன் கிண்ணத்துல சொருகினா கதை அதேதான்.

மச்சான் இப்ப எதிர்ல சைக்கிள் வந்தாக்கூட டிம் பண்ணிட்டுத்தான் போறார். உங்க பக்கத்து ரோட்டுல எப்படி மக்களே?