143 பைட்

மார்ச் 3, திங்கள்

அப்பாவின் ஒலிப்பதிவுகள் இன்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 1994 முதல் 2003 வரை உசிலம்பட்டி, செல்லம்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் கேசட் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்து அவர் பிடித்து வந்த ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு. மொத்தம் 412 கோப்புகள். 2009இல் நான்தான் கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றினேன். இப்போது ஒரு கல்லூரியின் தமிழ்த் துறை தன் சேமிப்பகத்தில் வைத்துக் காப்பாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறது. காலை பத்து மணிக்கே ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டேன்.

காப்பி ஓடத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. பெயர் மிக நீளம் என்று ஒரு வரி வந்தது. அடுத்த கோப்புக்கும் அதே வரி.

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி எட்டிப் பார்த்தார். "அக்கா, இது பூட்டி வைக்கிற ஃபோல்டர். பேருக்கு 143 பைட்டுதான் இடம்."

"பதினாறு வருஷமா விண்டோஸ்ல இதே பேரோடதானே இருக்கு தம்பி?"

"விண்டோஸ் எழுத்தை எண்ணும்க்கா. இது பைட்டை எண்ணும்."

ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பேருந்தில் வரும்போது மனசே சரியில்லை. பாடினவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. எந்த ஊர், யார் வீடு, எந்தச் சாவு என்பதெல்லாம் அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க எண்ணினேன். 'ஒப்பாரி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு நாலு எழுத்து: ஒ, ப், பா, ரி. கணினிக்கு ஏழு. ஒ, ப, புள்ளி, ப, துணைக்கால், ர, இகரக் குறி என்று தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 'ஒப்பாரி'க்கு 21 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆறே பைட்டில் முடிந்துவிடும்.

ஒரு பெயரை எடுத்துக் கடைசிவரை எண்ணிப் பார்த்தேன். 'ஒப்பாரி கணவனை இழந்த மகளுக்குத் தாய் பாடியது செல்லம்பட்டி மேலத்தெரு அப்பத்தா 1998 மாசி முதல் பகுதி'. இடைவெளி, கடைசியில் வரும் புள்ளி, வேவ் (wav) எல்லாம் சேர்த்து 101 குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறி வரை தருகிறது, தாராளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 தருவதும் 255தான். ஆனால் பைட் கணக்கில். 3ஆல் வகுத்தால் தமிழுக்கு 85 குறி. என் பெயர் 263 பைட். பூட்டாத ஃபோல்டராக இருந்தாலும் உள்ளே போயிருக்காது.

143 எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது. ஈகிரிப்ட்எஃப்எஸ் என்கிற அந்தப் பூட்டு, கோப்பின் உள்ளடக்கத்தோடு பெயரையும் சேர்த்துப் பூட்டுகிறது. பூட்டிய பெயரை மறுபடி எழுத்தாக மாற்றி எழுதும்போது அது நீண்டுவிடும். நீண்ட பெயர் அடியிலிருக்கும் கோப்பு முறையின் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மூலப் பெயர் 143ஐத் தாண்டக் கூடாது. தமிழில் 47 குறி. ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு தேதி எழுதினால் தீர்ந்தது.

412இல் 297 பெயர்கள் 143ஐத் தாண்டுகின்றன.

மார்ச் 6, வியாழன்

என் சொந்தத் தம்பியின் மகன் பைத்தானில் நாலு வரி எழுதிக் கொடுத்தான். 143 பைட்டோடு எல்லாப் பெயரையும் வெட்டிவிடும். நல்லவேளை, ஒத்திகைக்கென்று எடுத்த பிரதியில் ஓட்டினோம்.

முதலில் கண்ணில் பட்டது அந்த அப்பத்தாவின் ஒப்பாரிதான். 'ஒப்பாரி கணவனை இழந்த மகளுக்குத் தாய் பாடியது செல்லம்' என்று நின்றது. செல்லம்பட்டியில் 'பட்டி' போய்விட்டது. பகர எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாகத் தெரிந்தது. மேலத்தெரு இல்லை, அப்பத்தா இல்லை, மாசி இல்லை. வேவும் இல்லை. அது பாட்டுக் கோப்பு என்று கணினிக்கே தெரியாது. மருமகனைப் பறிகொடுத்த தாயின் அழுகைக்குப் பக்கத்தில் 'செல்லம்' என்ற சொல் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதைவிடப் பெரிய கேடு அடுத்து வந்தது. 'முதல் பகுதி', 'இரண்டாம் பகுதி' என்பது பெயரின் கடைசியில் இருக்கிறது. வெட்டிய பிறகு இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டாவது வந்து முதலாவதன்மேல் உட்கார்ந்துகொண்டது. 412 போட்டோம், 371தான் மிச்சம். 41 பாட்டு சத்தமில்லாமல் போயிருக்கும், மூலத்தில் ஓட்டியிருந்தால்.

இயந்திரம் வெட்டக் கூடாது. ஆள் உட்கார்ந்து சுருக்க வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

மார்ச் 9, ஞாயிறு

சரிபார்க்கத் தங்கையின் பழைய மேக்கில் 2011இல் வைத்த பிரதியை எடுத்தேன். பட்டியலோடு ஒப்பிட்டால் 31 கோப்பு குறைகிறது என்கிறது. கண்ணால் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அரை நாள் திண்டாடினேன்.

குறைந்ததாகச் சொன்ன பெயர் அத்தனையிலும் ஒகர, ஓகாரக் குறி இருந்தது. 'தொட்டில்' என்பதில் 'தொ'வை விண்டோஸ் இரண்டு குறியாக வைக்கிறது: த, அதோடு ஒகரக் குறி. அந்தக் கால மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் அதை மூன்றாகப் பிரித்துவிடும்: த, ஒற்றைக் கொம்பு, துணைக்கால். திரையில் இரண்டும் ஒரே 'தொட்டில்'. ஒன்று 24 பைட், மற்றது 27. கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எனவே முதலில் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். இந்த வரிசையைக் குறித்துவைக்கிறேன், இனி மறக்காது.

மாலையில் அம்மா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். "ஒங்கப்பா ஏதோ நோட்டு வெச்சிருந்தாரேம்மா, பாத்தியா?" என்றார். ஃப்ளாப்பிகளும் பச்சை அட்டை நோட்டு ஒன்றும் இருந்தன.

பாட்டு வரிகளை அப்பா டாஸ் கணினியில் தட்டச்சு செய்துவைத்த காலம் அது. பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று. சிபி/எம் காலத்து வழக்கம் டாஸுக்கு வந்தது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் அடைவில் 32 பைட் கட்டம், அதில் பெயருக்கு 11. 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது இந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நீளப் பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கிப் பக்கத்துக் கட்டங்களில் அடுக்கினார்கள். என் 101 குறிப் பெயருக்கு எட்டுக் கட்டம், பழைய சின்னப் பெயருக்கு ஒன்று, ஆக ஒன்பது.

அப்பா எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு தவித்ததாகத் தெரியவில்லை. வகைக்கு இரண்டு எழுத்து, ஊருக்கு இரண்டு, மிச்சம் எண். மற்றதெல்லாம் நோட்டில். அந்த அப்பத்தாவின் ஒப்பாரிக்கான 14ஆம் எண்ணைத் தேடிப் புரட்டினேன். அவருடைய சாய்வெழுத்தில் இருந்தது:

'மேலத்தெரு. மருமகன் கிணற்றில் விழுந்து இறந்த பதினாறாம் நாள். கூட்டம் கலைந்த பிறகே பாடச் சம்மதித்தார். நடுவில் பேட்டரி தீர்ந்தது, கடைக்குப் போய் வாங்கி வரும்வரை காத்திருந்தார். அதனால் இரண்டு பகுதி.'

இரண்டு பகுதி ஏன் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. கேசட் உறையில் இருந்ததைத்தான் 2009இல் பெயரில் எழுதினேன். 263 பைட்டிலும் அந்தப் பேட்டரி இல்லை, காத்திருந்த அந்த அம்மாள் இல்லை. நோட்டில் நாலு வரியில் எல்லாம் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக வேறு வேலையில்லை. வகை, ஊர், ஆண்டும் மாதமும், அப்பாவின் எண், பகுதி எண். இவ்வளவுதான் பெயர். 'ஒப்பாரி செல்லம்பட்டி 1998-02 014-1'. வேவோடு சேர்த்து 76 பைட், 38 குறி. 143க்குள் நிம்மதியாக உட்காருகிறது. நாளைக்கு யாராவது குறுந்தட்டில் எரித்தாலும் ஜோலியட் முறையின் 64 எழுத்துக்குள் அடங்கும். தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போக வேண்டியதில்லை. தேவையில்லாதபோது ஏன் விட வேண்டும்?

பட்டியலில் நாலு பத்தி: அப்பாவின் எண், பழைய முழுப் பெயர், புதுப் பெயர், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க ஷா-256 கூட்டெண். பெயர் மாற்றும் முன்னும் பின்னும் கூட்டெண் எடுத்து ஒப்பிட்டேன். 412க்கு 412 பொருந்தியது. பச்சை நோட்டை 96 பக்கமும் ஸ்கேன் செய்து கூடவே வைத்தேன்.

பிற்பகல் கல்லூரியில் காப்பி தடையில்லாமல் ஓடி முடிந்தது. கணினி அறைத் தம்பி 014-1ஐத் திறந்து கொஞ்சம் கேட்டார். இருபது விநாடிக்குப் பிறகு ஒலியைக் குறைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. முழுவதும் கேட்டார்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் இப்படித் தமிழ்ப் பெயர் போட்ட பதிவுகளோ படங்களோ இருக்கலாம். அவற்றை வேறு இடத்துக்கு மாற்றும் முன் பழைய பெயர்களைப் பட்டியல் எடுத்து, தாளில் ஒரு பிரதி அச்சடித்து வையுங்கள். பெயரில் அடங்காததைச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.