இரண்டு அணைகளின் நீர்மட்டம்

தில்லியில் அரசுப் பணி முடித்து ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் மாறவில்லை. விடிந்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். முன்பெல்லாம் தமிழ்ப் பத்திரிகை தில்லிக்கு வந்து சேர்வதற்குள் கணக்கு பழையதாகிவிடும். இன்று கைபேசியே சொல்லிவிடுகிறது. கும்பகோணத்தை அடுத்த எங்கள் பூர்வீக நிலத்தை விற்று வெகுகாலம் ஆயிற்று. ஆயினும், முழு மட்டமான 120 அடிக்கு எத்தனை அடி குறைவு என்று தெரியாமல் எங்களுக்குக் காப்பி இறங்குவதில்லை.

பெங்களூரில் பணியாற்றிய எங்கள் மகள் மண்டியாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை விரும்பி மணந்தாள். சம்பந்தி வீட்டார் விசுவேசுவரய்யா கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடுவோர். அத்திருமணத்துக்கு நாங்கள் தயங்கியது மொழியை எண்ணி என்று உறவினரிடம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் தண்ணீரை எண்ணித்தான்.

2016 செப்டம்பரில் மகள் வீட்டில் இருந்தோம். அம்மாதம் 5ஆம் தேதி, பத்து நாட்களுக்கு விநாடிக்கு 15,000 கன அடி நீர் விடுமாறு கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 12ஆம் தேதி அது 12,000 எனத் திருத்தப்பட்டது. அன்றே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. மாடியிலிருந்து புகையைப் பார்த்தோம். பேரனைத் தமிழில் கூப்பிடும் குரலை எங்களையறியாமலே தாழ்த்திக்கொண்டோம். பிறந்த நாட்டிலேயே குரலைத் தாழ்த்த நேர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

அன்றிரவு சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார்: "பீகரே, இங்கே வந்து இருங்கள்." போராட்டத்தின் நடுக்களமான மண்டியாவுக்கா! நாங்கள் தயங்குவதை அறிந்தோ என்னவோ, சில நாட்களில் அவரே வந்துவிட்டார். வழி நெடுகிலும் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, மறித்தவர்களிடம் எங்களைத் தம் வீட்டு மனிதர் என்று சொல்லிச் சொல்லி அழைத்துச் சென்றார்.

இவ்வளவு செய்தவரோடு அன்றிரவே வாதம் மூண்டது. களி உருண்டையும் சாறுமாக உண்டுகொண்டிருந்தபோது, எங்களில் பத்திரிகை படிப்பவர் 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இழுத்துவிட்டார். "ஒருபுறம் வெள்ளையர் ஆண்ட சென்னை மாகாணம், மறுபுறம் அவர்களுக்கு அடங்கிய மைசூர் சமஸ்தானம். அது சமமானவர்கள் இட்ட கையெழுத்தா?" என்றார் சம்பந்தி. "கல்லணை கட்டிய காலந்தொட்டு அந்நீரை நம்பிப் பயிர் செய்தவன் எங்கே போவான்?" என்றோம். ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அவ்வாண்டு செப்டம்பர் 20இல்தான் திறக்கப்பட்டது. எங்கள் குரலில் சூடு இருந்ததில் வியப்பில்லை. சம்பந்தி அம்மாள் எழுந்து மோர் ஊற்றினார். அதன்பின் எவரும் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலையில் திண்ணைக்கு வந்தோம். சம்பந்தி கன்னடப் பத்திரிகையின் ஒரு மூலையில் விரலை வைத்துக் குனிந்திருந்தார். கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டம்! அதன் முழு அளவு 124.80 அடி. அவர் தந்தையாரும் அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போவாராம். நிமிராமலே கேட்டார்: "மேட்டூர் எவ்வளவு?"

சொன்னோம். 120இலிருந்து அவரே மனத்துக்குள் கழித்துப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

2018 பிப்ரவரி 16இல் இறுதித் தீர்ப்பு வந்தது. நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி. 404.25 ஆகக் குறைந்தது. கர்நாடகத்தின் 270, 284.75 ஆயிற்று. எங்களுக்கு அது கசந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று சம்பந்தியும் பேசினார். பேரனின் சளி இருமலைப் பற்றியே பேசி முடித்தார்.

அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்தது. அவர்கள் அணை முன்னமே நிரம்பிவிட்டது. ஜூலை இறுதியில் ஒரு காலை, நாங்கள் கைபேசியை எடுக்குமுன் அதுவே ஒலித்தது.

"பீகரே, பார்த்தீர்களா? மேட்டூர் 120!"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைக்க ஓடினோம்.