தேதி வரிசையில் ஒரு வாசிப்பு

கொஞ்ச நாளாக ஆர்எஸ்எஸ் செய்தியோடை பழகிக்கொண்டிருக்கிறேன். 1999இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த பழைய நுட்பம். இதைவிட நேர்மையான வாசிப்பு முறை இணையத்தில் இன்றைக்கும் இல்லை என்பேன். பிடித்த தளத்தின் ஓடை முகவரியை ஓடை படிக்கும் செயலியில் ஒட்டினால் போதும், புதிதாக வருவதெல்லாம் தேதி வரிசையில் வந்து நிற்கும். எது நமக்குப் பிடிக்கும் என்று யாரும் நடுவில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடினார்கள்; ஓடைகள் ஓய்ந்துவிடவில்லை. திறந்த வடிவம், யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

வாசிப்புக்கு ஓடை என்றால், படங்களுக்கு ஃப்ளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளம். அதில் ‘காமன்ஸ்’ பகுதிக்குப் போனால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008இல் தன் பழைய படங்களை அங்கே வைத்தது. பார்க்க வந்தவர்களே இடத்தையும் ஆளையும் அடையாளம் சொன்னார்கள்.

அப்பா எடுத்த தேர்த் திருவிழாப் படம் ஒன்றை நேற்று ஃப்ளிக்கரில் ஏற்றினேன். குறிச்சொற்கள்: தேர், வடம், மரச்சக்கரம், முட்டுக்கட்டை. உரிமத்தை நாமாக மாற்றாவிட்டால் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்றுதான் இருக்கும். நான் அதை, மற்றவர்களும் பயன்படுத்த இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற்றிவிட்டேன்.

உங்கள் வீட்டு ஆல்பத்தை ஏற்றும்போது ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களை இப்போதே கேட்டுவிடுங்கள்.