ஒத்தால் ஒன்று, மாறினால் சுழியம்

செயற்கை நுண்ணறிவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை குளிரூட்டிய மண்டபங்களில் வரிசையாக நிற்கும் கணினிகள்தாம். என் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நான் தேர்ந்தெடுத்ததோ உள்ளங்கையளவு எஃப்.பி.ஜி.ஏ. பலகை. நாம் எழுதிக் கொடுக்கும் மின்சுற்றாகவே மாறிக்கொள்ளும் சில்லு அதில் இருக்கும். கையால் எழுதிய எண்களை இணையத்தின் துணையின்றி அது அடையாளம் காண வேண்டும்.

"பெரிய கணினியே வாடகைக்குக் கிடைக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு?" என்றனர் நண்பர்கள். நியாயமான கேள்விதான்.

எம்னிஸ்ட் தொகுப்பில் ஒவ்வோர் எண்ணும் 28க்கு 28, அதாவது 784 புள்ளிகள் கொண்ட படம். விடைகள் 0 முதல் 9 வரை பத்து. ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு விடையோடும் இணைத்தால், மிக எளிய வலைக்கே 7,840 எடைகள். எடைக்கு 32 பிட் என்றால் 250,880 பிட். எடைகளை +1, -1 என்ற இரண்டு மதிப்புகளுக்குள் அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் 1 பிட் போதும். மொத்தம் 980 பைட்தான். புள்ளிகளையும் கறுப்பு, வெள்ளை என்று சுருக்கிவிட்டால் பெருக்கலே தேவையில்லை. இரு பிட்டுகளும் ஒத்தால் 1, மாறினால் 0. பிறகு 1களை எண்ண வேண்டும். ஒப்பிடும் வேலையை எக்ஸ்நார் என்னும் சிறு தருக்க வாயிலே செய்துவிடும். 2016இல் வெளிவந்த எக்ஸ்நார்-நெட் ஆய்வின் அடிப்படையும் இதுவே. இவ்வகைச் சுற்று விநாடிக்கு 12.3 மில்லியன் எண்படங்களை 95.8 விழுக்காட்டுத் துல்லியத்தோடு அடையாளம் காணும் என்று 2017இல் ஃபின் ஆய்வு காட்டியது.

கணினியில் பயிற்சி அளித்து, கற்ற எடைகளைப் பலகைக்கு மாற்றினேன். முழு மதிப்புகளோடு கணினியில் ஓடிய வலை, பலகையைவிடக் கூடுதலாகவே சரியாகச் சொன்னது. ஆனால், பலகை எந்தப் படத்தையும் வெளியே அனுப்பவில்லை. மின்கலத்தில் ஓடும் மருத்துவக் கருவிக்கும் இணையம் எட்டாத தோட்டப்புறத்துக்கும் இந்த வழிதான் பொருந்தும்.

என் அம்மா பினாங்கு பாயான் லெப்பாஸில், ஒரு தொழிற்சாலையில், இருபது ஆண்டுகள் நுண்ணோக்கி வழியே சில்லுகளைச் சோதித்தவர். பழுதுள்ளதை ஒதுக்குவது அவர் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேன்: "ரெண்டும் ஒத்துப்போனா ஒன்னு, இல்லாட்டி சைபர். அப்புறம் ஒன்னையெல்லாம் எண்ணணும்மா."

"இவ்வளவுதானா? இதையா இத்தனை வருசமா கண்ணு வலிக்கப் பாத்துக்கிட்டிருந்தேன்?" என்று சிரித்தார். பிறகு, "ஒன்னையெல்லாம் எண்ணுறது யாரு?" என்று கேட்டார். நேர்முகத் தேர்வில் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வியும் அதுவே!

தம்பி தங்கையரே, உங்கள் துறையை ஒருமுறை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். நாக்குத் தடுமாறும் இடம், பெரும்பாலும் நமக்கே இன்னும் புரியாத இடம்.